மூன்று முறை குலுக்கிய பெட்டி

என்னை வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் ஓர் ஊரே கூடி நின்று மோசடிக்காரி என்று தீர்மானித்திருக்கிறது. நேர்மையானவர்கள் மீது அப்படிப் பழி விழுந்தால் துடித்துப்போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் துடிக்கவில்லை. ஏனெனில், பழவேற்காடு ஏரிக்கரையில் அன்று திரண்டிருந்த கூட்டத்திலேயே என்னை மிக அதிகமாகச் சந்தேகித்தவள் நான்தான். அதற்கு வலுவான கணிதக் காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு பொன்னேரியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. ஏரியோரக் கிராமங்களில் சமத்துவம் மலர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று ஓர் உத்தேசக் கணிப்புகூட என் குறிப்பேட்டில் இருந்தது. (ஏழு ஆண்டுகள். சிரிக்காதீர்கள்.)

எனக்கு ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குப் பழவேற்காட்டிலிருந்து படகில் போகவேண்டும். அங்கே ஏரி எல்லாருக்கும் பொது. ஆனால் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே. அந்த இடங்களில் எந்த நாளில் யார் வலை இறக்குவது என்பதற்கு ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஊரில் நாற்பத்தொரு தலைக்கட்டுகள், அதாவது பாடு முறையில் பங்குள்ள குடும்பங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நாற்பத்தொரு பெயர்களையும் சீட்டெழுதிப் பானையில் போட்டுக் குலுக்கி, வரும் வரிசைப்படி பாடு பிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் குலுக்கலுக்கு அவர்கள் வைத்திருந்த காவல், ஒரு வங்கிப் பெட்டகத்துக்குக்கூட இருக்காது. குலுக்கல் பானை முதல்நாள் யார் வீட்டில் இருக்கவேண்டும் தெரியுமா? ஊரில் யாருக்கு அதன்மீது அதிகச் சந்தேகமோ அவர் வீட்டில். அவர் அதற்குள் கையை விட்டு, தட்டி, முகர்ந்து, திருப்தியடைந்த பிறகே பானை சபைக்கு வரும். சபையில் அதைக் கவிழ்த்துக் காலி என்று காட்டுவார்கள். சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்துப் படிப்பார்கள். ஆனால் அது செல்லாது. மறுபடி கவிழ்த்து, காலி செய்து, குலுக்கி எடுப்பார்கள். அதுவும் செல்லாது. மூன்றாவது முறை வருவதுதான் செல்லும். முதல் இரண்டு முறையும் பானை ஒழுங்காகக் கலக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே.

புள்ளியியல் படித்த நான் இதைக் கண்டு வியந்து கைகூப்பியிருக்க வேண்டும். 'காலத்தை வீணாக்கும் சடங்கு' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

என் கவலை வேறு. முனியம்மாவின் கணவர் முந்தின ஆண்டு காய்ச்சலில் இறந்துபோனார். அவர் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. முனியம்மாவின் பெயர் அதற்குப் பதிலாக வரவில்லை. புதிதாக ஒருவர் தலைக்கட்டு ஆகவேண்டுமானால் அவர் பெயரை ஊர்ச்சபையில் மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். யாரும் 'இல்லை' என்று மறுக்காவிட்டால் அவர் தலைக்கட்டு. இரண்டு சபைகள் கூடிக் கலைந்தும் அவள் பெயரைக் கூப்பிட ஒரு வாயும் திறக்கவில்லை. பெண் பெயர். வலை இறக்க அவள் தம்பி தயாராக இருந்தான். இறக்கப் பாடுதான் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடையாக ஒரு கணினி வந்தது. தட்டச்சுப் பொறி அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதற்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. 'பிளாப்பி' என்ற மெல்லிய சதுரத் தட்டைச் செருகினால்தான் உயிர் வரும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். பெயர்களைத் தானே கலைத்து வரிசைப்படுத்தும் ஒரு நிரலை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். "இயந்திரத்துக்கு உறவினர்கள் இல்லை" என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கையும் அனுப்பினேன். (அந்த வாக்கியத்தில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

இந்த முறை பெட்டியே குலுக்கட்டும், முனியம்மாவின் பெயரையும் சேர்ப்போம் என்று ஊர்த்தலைவர் தேசப்பனிடம் கேட்டேன்.

"முனிமா பேர பொட்டியில வேணா எழுதிக்க, டீச்சர். பொட்டி இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம். பானையில எழுதற பேச்சு மட்டும் இல்ல."

(நான் ஆசிரியை அல்ல. ஆனால் கையில் காகிதம் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஊரில் அதுதான் பதவி.)

ஆக, பெட்டி வென்றால் முனியம்மாவுக்குப் பாடு. பெட்டி தோற்றால் அவளுக்கு மறுபடி கழுத்தளவு தண்ணீர். விளைவுகளை எல்லாக் கோணத்திலும் சீர்தூக்கிப் பார்த்துவிட்டதாக நான் நம்பினேன்.

முதல் எதிர்ப்பு ஏகாம்பரத்திடமிருந்து வந்தது. ஐம்பது வயது, சென்னைத் துறைமுகத்தில் சில காலம் மூட்டை எண்ணும் வேலை பார்த்தவர். உலகம் தம்மை ஏமாற்றத்தான் விடிகிறது என்ற உறுதியான நம்பிக்கை உள்ளவர்.

"உயிர் எல்லாம் அந்தத் தட்டுலதான் கீதுன்னு சொல்றாங்களே தலைவரே, அப்போ அதான் பானை. மொத நாளு அது எங்க வூட்ல இருக்கணும்."

வழக்கத்தை மதிப்பவள் நான். பிளாப்பியை அவர் கையில் கொடுத்து, "பத்திரம்" என்றேன். இன்னொரு பிரதி என் பையில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு முக்கியமாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பழவேற்காட்டு காதர் பாயின் படகில் கணினி, அவருடைய ஜெனரேட்டர், வாடகைக் கலர் டிவி, நான் ஆகிய நால்வரும் ஊர் சேர்ந்தோம். காதர் பாய் மைக் செட் வைத்திருப்பவர். கல்யாண வீடுகளுக்கு டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுபவர். டிவி கரையிறங்கியதும் ஊர் முழுவதும் செய்தி பரவியது: டீச்சர் சினிமா போடுகிறாள். சபை கூடும் வலைக் கொட்டகை நிரம்பிவிட்டது. பெண்கள் இடுப்புப் பிள்ளைகளோடு முன்வரிசை பிடித்தார்கள்.

"படம் இல்லைங்க. இது கணினி" என்றேன்.

"டிவியில வேற இன்னாத்த காட்டுவாங்க?" என்றாள் ஒருத்தி, என்னை முதல் பொய்யில் பிடித்துவிட்ட திருப்தியோடு.

ஏகாம்பரம் ஒரு துண்டில் சுற்றிய பிளாப்பியை இரு கைகளாலும் கொண்டுவந்து கொடுத்தார். செருகினேன். ஜெனரேட்டர் உறுமியது. விசையைப் போட்டேன்.

பெட்டிக்குள் யாரோ தேங்காய் துருவுவது போல் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். மறுபடி துருவல். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினேன். பிளாப்பியை எடுத்து ஊதிச் செருகினேன். இடத்தை மாற்றி வைத்தேன். என் முகம் தெற்கே பார்த்திருந்ததால் திரும்பி உட்காரச் சொன்னார் ஒருவர், உட்கார்ந்தேன். (முதுகலைப் பட்டம்.) ஒரு பெண் டிவியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். தடுக்கும் மனநிலையில் நான் இல்லை.

என் சந்தேகம் முழுவதும் ஏகாம்பரத்தின் மீது போயிற்று. அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினேன்; அவரோ என் முகத்தில் அதையே தேடிக்கொண்டிருந்தார். பிளாப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் கறுப்பு உறையின் ஓரம் நெடுக, எறும்பு வரிசை போல, நைலான் நூல் தையல். வலை பின்னும் கைகளுக்கே வரக்கூடிய, அவ்வளவு நுட்பமான தையல்.

"இதை யார் தைத்தது?"

"நாந்தான்" என்றார் ஏகாம்பரம், ஒளிவு மறைவின்றி. "பானைன்னா உள்ள கைய வுட்டுப் பாக்கறது மொற. இதுல கை போவல. கத்தி வெச்சுக் கீறிப் பாத்தேன். உள்ள வட்டமா ஒண்ணு கீது. ரெண்டு பக்கமும் பாத்தாச்சு, ஒரு எழுத்து கெடையாது. பிசுபிசுன்னு இருந்துச்சு, ஈரத்துணியால தொடச்சி, திருப்பி உள்ள வெச்சி தெச்சுட்டேன். சபையோரே, தட்டு சுத்தம். அதுக்கு நான் சாட்சி."

சபை திருப்தியோடு தலையசைத்தது. கோபப்பட எனக்கு உரிமை இல்லை. அவர் வழக்கப்படி, அணுவளவும் பிசகாமல், சோதனை செய்திருந்தார். மூன்று வார உழைப்பு ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு போயிருந்தது.

பையைத் திறந்து இன்னொரு பிளாப்பியை எடுத்தேன்.

தலைகள் எல்லாம் என் பையின் பக்கம் திரும்பின.

"இது ராத்திரி யாரு வூட்ல இருந்துச்சு?" என்றார் தேசப்பன்.

"என் பையில்."

"ஓ" என்றார் அவர். அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருந்ததை ஒரு வழக்கறிஞர் பத்துப் பக்கத்தில்தான் எழுதமுடியும்.

செருகினேன். இம்முறை பெட்டி பூனைபோல முனகியது. திரையில் எழுத்துகள் வந்தன. வந்தவை நிற்கவில்லை. வரிசை வரிசையாக மேல்நோக்கி ஓடி, உச்சியில் மறைந்து, அடியிலிருந்து மறுபடி கிளம்பின.

"பேரெல்லாம் எங்க ஓடுது?" என்றது ஒரு குரல்.

"படிச்சுடப் போறோம்னு ஓடுது" என்றது இன்னொன்று.

நான் கணினியின் பொத்தான்களை எல்லாம் அழுத்தினேன். காதர் பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி, நீ அத வுட்டுடு. நோவு டிவிக்குத்தான்" என்றார். டிவியின் முதுகுப்பக்கம் போய், வாயில் வைத்திருந்த திருப்புளியால் ஒரு சிறு திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். எழுத்துகள் தள்ளாடி, குடித்தவன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றன. "வெளிநாட்டுப் பொட்டி படத்த அவசரமா அனுப்புது. நம்ம டிவி அத்தினி வேகமா வாங்காது. அவ்ளோதான். கலர் மட்டும் வராது, மன்னிச்சுக்கோ."

திரையில் ஆங்கில எழுத்துகளில் நாற்பத்திரண்டு பெயர்கள், கறுப்பு வெள்ளையில். படிக்க வாயைத் திறந்தேன்.

"இரு டீச்சர்" என்று கையமர்த்தினார் ஏகாம்பரம். "நீ படிச்சா அங்க எழுதிக் கீறதத்தான் படிக்கிறன்னு எப்டி நம்பறது? எனக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டத் தெரியும். நான் படிக்கிறேன்."

எல்லாரும் அதை வரவேற்றார்கள். அவர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து, துறைமுகக் குரலில் முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"மு... னி... யம்மா. முனியம்மா!"

சிரிப்பு கிளம்பியது. முனியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்திரண்டு பெயர்களையும் அவர் படித்து முடித்தார். எனக்கு உள்ளூர ஆனந்தம். முதல் பெயர் அவளுடையது. சரி, இது செல்லாதுதான். ஆனாலும் நல்ல தொடக்கம்.

"கவுத்துக் காலி பண்ணு" என்றார் தேசப்பன்.

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று ஒரு சிற்றுரை ஆற்றினேன். யாரும் கேட்கவில்லை, நானாக ஆற்றினேன். பானையைக் கவிழ்த்தாலும் ஒரு சீட்டு மடிப்பில் ஒட்டிக்கொள்ளலாம். இந்த இயந்திரத்தை அணைத்தால் எதுவும் மிஞ்சாது. எல்லாவற்றையும் மறந்து, புதிதாகப் பிறக்கும். இதைவிடச் சுத்தமான பானை உலகத்தில் இல்லை என்றேன். சொல்லிவிட்டு விசையை அணைத்து, பத்து எண்ணி, போட்டேன். முனகல். பெயர்கள்.

ஏகாம்பரம் மூக்கை வைத்தார். இம்முறை கொஞ்சம் தாமதமாகத்தான் குரல் வந்தது.

"முனியம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பெயரைப் படித்தார். அடுத்ததை. பத்தாவது பெயரில் நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அதே வரிசை."

"தற்செயல்" என்றேன். சொன்ன வாய்க்கே அது கசந்தது. நாற்பத்திரண்டு பெயர்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணை எழுத ஐம்பதுக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். இரண்டு முறை ஒரே வரிசை தற்செயலாக வர வாய்ப்பில்லை என்பதை அந்தக் கொட்டகையில் துல்லியமாக அறிந்த ஒரே ஆள் நான். மற்றவர்கள் என்னை ஒரு மனிதருக்குரிய அளவில்தான் சந்தேகித்தார்கள். நான் ஐம்பது இலக்க அளவில் சந்தேகித்தேன். எனக்கே தெரியாமல் ஏதாவது மோசடி செய்துவிட்டேனா என்று மூன்று வாரத்தையும் மனதில் திருப்பிப் பார்த்தேன்.

அணைத்தேன். முப்பது எண்ணினேன். ஒரு பிரார்த்தனையும் செய்திருக்கலாம், நினைவில்லை. போட்டேன்.

ஏகாம்பரம் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடியே, "முனியம்மா" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பிச் சரிபார்த்தார். சரியாக இருந்தது.

அடுத்த சில நிமிடங்களில் நான் என்னென்ன வாங்கியிருப்பேன், முனியம்மா எனக்கு எத்தனை கூடை நண்டு கொடுத்திருப்பாள், காதர் பாய்க்கு இதில் என்ன பங்கு என்பதெல்லாம் விவாதிக்கப்பட்டன. காதர் பாய் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, "நான் டிவிக்குத்தான் பொறுப்பு, பொட்டிக்கு இல்ல" என்று அறிவித்து, டிவியின் குங்குமத்தைத் துடைக்கத் தொடங்கினார். தேசப்பன் கையை உயர்த்தினார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. இது சரியா?"

சமாளிக்க இரண்டு மூன்று வழிகள் இருந்தன. ஒன்றிலாவது முனியம்மாவுக்கு முதல் பாடு கிடைத்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவள் வலையில் விழும் ஒவ்வோர் இறாலையும் ஊர் திருட்டு இறால் என்று பார்க்கும்.

"சரியில்லை" என்றேன். "பெட்டி கலைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்த தப்பாகத்தான் இருக்கும்."

"அவ்ளோதான் தலைவரே" என்றார் ஏகாம்பரம். "பொட்டி போச்சு, பொட்டியோட பேச்சும் போச்சு. பானைய எடுங்க. பழையபடி நாப்பத்தொரு பேரு."

நான் முனியம்மாவின் பக்கம் பார்க்கவில்லை. எட்டு மாதமாக அவளுக்காக எழுதிய மனுக்கள், அறிக்கைகள், மூன்று வார நிரல் எல்லாம் சேர்ந்து, பானையில் போகவேண்டிய ஒரே ஒரு சீட்டைக் கிழித்துவிட்டிருந்தன.

"கொஞ்சம் இரு மாமா" என்றாள் முனியம்மா. எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "இப்போ சபையில எம் பேர கூப்ட்டது யாரு?"

"நாந்தான். பொட்டியில இருந்தத படிச்சேன்."

"எத்தினி தபா?"

ஏகாம்பரம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்றாவது விரலில் நின்றுவிட்டார்.

"மூணு தபா" என்றார் பின்வரிசையில் ஒருவர், உதவும் எண்ணத்தோடு.

"மூணு தபா உரக்கக் கூப்ட்ட. யாராச்சும் 'இல்ல'ன்னாங்களா தலைவரே?"

"இன்னாம்மா பேச்சு இது?" என்றார் ஏகாம்பரம். "எல்லாரும்தான் கத்துனோமே."

தேசப்பன் தாடையைத் தேய்த்தார். வழக்கம் என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பிக்கும் வளையாதவர் என்று அவருக்குப் பெயர். நிதானமாகக் கேட்டார்: "கத்துனோம். இன்னான்னு கத்துனோம்? மொதல்ல எப்டி வந்துச்சுன்னு கத்துனோம். அந்தப் பேரு எப்டி வந்துச்சுன்னு எவனாச்சும் கேட்டானா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. அவள் முதலில் வந்தது அநியாயம் என்று எல்லாரும் அவ்வளவு மும்முரமாகச் சண்டை போட்டதில், அவள் வந்ததே அநியாயம் என்று சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"நான் பொட்டியத்தானே படிச்சேன்" என்றார் ஏகாம்பரம் பலவீனமாக.

"நீ பொட்டியப் படிச்சியோ பொடவையப் படிச்சியோ. சபையில கூப்ட்ட. டீச்சரு கூப்ட்டிருந்தா வெளியாளு, செல்லாது. நீ இந்த ஊரு தலைக்கட்டு. செல்லும்." பானையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாப்பத்திரண்டு சீட்டு எழுது."

பானை கவிழ்ந்தது, குலுங்கியது, இரண்டு முறை செல்லாமல் போய், மூன்றாவது முறை செல்லுபடியானது. முதல் சீட்டு ஏகாம்பரத்துக்கு வந்தது. அவர் அதை வாங்கி, வெயிலில் தூக்கிப் பிடித்து, இருபுறமும் பார்த்து, முகர்ந்து, தம்மை யாரோ ஏதோ செய்கிறார்கள் என்ற முகத்தோடு மடியில் செருகிக்கொண்டார். முனியம்மாவின் சீட்டு முப்பத்தெட்டாவதாக வந்தது.

"கடைசிப் பக்கம்தான் வந்திருக்கு" என்றேன் வருத்தத்தோடு.

"வந்துச்சில்ல" என்றாள்.

ஏன் ஒரே வரிசை வந்தது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கையேட்டின் அடிக்குறிப்பில் கிடைத்தது. அந்த வகை இயந்திரம் ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் தன் பகடையை ஒரே இடத்திலிருந்துதான் உருட்டத் தொடங்குமாம். அதை மாற்ற ஒரு வரி போதும். அணைக்காமல் இரண்டாம் முறை ஓட்டியிருந்தால்கூட வேறு வரிசை வந்திருக்கும். 'இதைவிடச் சுத்தமான பானை இல்லை' என்று பேசி, அணைத்து அணைத்துப் போட்டவள் நான். அந்தச் 'சடங்கு' இல்லாவிட்டால் என் பிழை யாருக்குமே தெரிந்திருக்காது. காலத்தை வீணாக்கும் அந்தச் சடங்குதான் என்னை இரண்டாவது முயற்சியிலேயே பிடித்தது. குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டேன்.

இந்தக் கதையைத் திருமணமான புதிதில் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த பிழை. இன்றுவரை எங்கள் வீட்டில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், ரயில் ஐந்தரைக்குத்தான், பாலில் நான் உப்புப் போடவில்லை, எதுவானாலும், "மூணு தடவை குலுக்கிப் பார்த்தியா?" என்று கேட்கிறார். மகள் இப்போது தன் மாமியார் வீட்டிலும் அதைப் பரப்பிவிட்டாள். தைத்த பிளாப்பி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கணினியில் வேலை பார்க்கும் மருமகன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தையல் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் முனியம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பேத்திக்குக் கல்யாணம். மூட்டுவலி, பேருந்து, படகு என்று நான் இழுத்தேன். மறுநாளும் கூப்பிட்டாள், பார்க்கலாம் என்றேன். மூன்றாம் நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"மூணு தபா கூப்ட்டாச்சு டீச்சர். ஒரு தபாகூட 'இல்ல'ன்னு சொல்லல நீங்க."

படகில் ஏறிப் போனேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் ஏகாம்பரம், என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.